பதினேழு வயல்களும் ஒரு காற்புள்ளியும்

நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது.
பேருந்து, டிராக்டர், ஐஸ் சொட்டும் மீன்வண்டி எல்லாம்
என் கடை வாசலில் உறுமிக்கொண்டு நின்றன.
ஜெராக்ஸ், டைப்பிங், மொழிபெயர்ப்பு. பக்கம் அறுபது ரூபாய்.
வைரக்கண்ணு சட்டைக்குள்ளிருந்து எடுத்த மனு
ஈரமாக இருந்தது.
மழையா வேர்வையா, கேட்கவில்லை.

"கோரையாற்றுக் கரை உடைந்து மூழ்கிய எங்கள் வயல்கள்"
என்று தொடங்குகிறது.
இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இங்கிலீஷில் வேண்டுமாம்.

தமிழில் எச்சம் முன்னால் போகும்,
பெயர் பின்னால் வரும்.
மூழ்கிய வயல். மூழ்கிய வயல்கள்.
ஒன்றானாலும் பதினேழானாலும்
'மூழ்கிய' திரும்பி எண்ணிப் பார்ப்பதில்லை.
இங்கிலீஷில் வயல்கள் முதலில் வந்து நின்றுவிடும்,
வாலில் ஒரு எஸ்ஸோடு.
அப்புறம்தான் வாக்கியம் சாவகாசமாக
அவற்றின் கதியைச் சொல்லும்:
வயல்கள்
தண்ணீருக்குள் கிடப்பவை.

அந்த இடைவெளியில் என் விரல் நின்றது.
அங்கே ஒரு காற்புள்ளி போட்டால்
எல்லா வயலும் மூழ்கியது.
போடாவிட்டால்
மூழ்கியதைப் பற்றி மட்டும்தான் பேச்சு,
மற்றதற்கு மனுவில் வேலையில்லை.

"மொத்தம் எத்தனை சர்வே நம்பர்?"
"பதினேழு."
"முழுகுனது?"
"பதினாலு. மூணு வடிகால ஒட்டி இருக்கு, தவமணியோடது."
குரலை இறக்கினார்.
"ஒரு புள்ளிதானம்மா. போட்டுடுங்க."

வாசலில் நின்ற தவமணி உள்ளே வந்தாள்.
முழங்கால்வரை காய்ந்த வண்டல்.
"எனுது முழுகல.
இவங்க பதினாலும் வடியணும்னு
ராவோட ராவா என் வரப்ப வெட்டினாங்க.
தண்ணி என் வயல்ல நிக்கல, ஓடிச்சு.
பயிர அள்ளிக்கிட்டு மணலப் போட்டுட்டுப் போச்சு.
அதுக்கு என்ன புள்ளி வைப்பீங்க?"

வைரக்கண்ணு கேட்டைப் பார்த்தார்.
அது இன்னும் திறக்கவில்லை.

புள்ளி வைத்தால் அவள் வயல்கள் பொய் சொல்லும்.
எடுத்தால் அவை ஊரிலேயே இல்லை.
'மூழ்கிய' என்ற சொல்லுக்குள்
ஓடிப்போன தண்ணீருக்கு இடமும் இல்லை.

பதினாலைப் புள்ளி இல்லாமல் எழுதினேன்.
மூன்றுக்குத் தனி வாக்கியம்:
மற்ற வயல்களை வடிய வைப்பதற்காக
வரப்பு வெட்டப்பட்ட வயல்கள்.
இங்கிலீஷில் அதை மூன்று முறை அழித்தேன்.
இரண்டு பன்மைகள் அருகருகே நின்றால்
எச்சம் கூட்டத்தில் தவறிய குழந்தை மாதிரி
பக்கத்தில் நிற்பவர் வேட்டியைப் பிடித்துக்கொள்ளும்.
வெட்டப்பட்டவை எவை, வடிந்தவை எவை?
கடைசியில் தவமணியின் பெயரைக் குறுக்கே நிறுத்தித்தான்
பிரிக்க முடிந்தது.
ஒன்றேகால் பக்கம். அறுபதுதான் வாங்கினேன்.

மாசியில் பதில் வந்தது.
"ஆவணங்களைக் கவனமாகப் பரிசீலித்து,
உங்கள் வயல்கள் தகுதியற்றவை எனக் கண்டறியப்பட்டன."

தமிழில் காதுக்கு ஒன்றும் உறுத்தவில்லை.
யாரோ பரிசீலித்தார், யாரோ கண்டறிந்தார்.
இங்கிலீஷ் வாக்கியத்தில் அந்த யாரோ இல்லை.
ஆளில்லாத எச்சம்
அடுத்து வரும் பெயரின் தோளில் ஏறிக்கொள்ளும்.
அடுத்து வந்தவை வயல்கள்.

சொன்னேன்: "இதுல எழுதியிருக்கபடி பாத்தா
காகிதத்தையெல்லாம் படிச்சுப் பாத்தது
உங்க வயலுங்கதான்."

வைரக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை.
தவமணி கேட்டாள், "பதினேழுமா?"
"பதினேழும்."
"எனுதும் சேத்தா?"
"பன்மை. சேர்த்துத்தான்."

கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்தாள்,
எழுத்து தெரியாது, ஆனாலும்
அதில் தன் மூன்றைத் தேடுகிறவள் போல.

"அப்ப திரும்ப எழுதுங்க.
படிச்சது வயலுன்னா
அதுக்குத் தெரியுமில்ல, என்ன நடந்துச்சுன்னு."

கேட் திறந்து வண்டிகள் நகரத் தொடங்கின.
புதுப் பக்கத்தில்
'வயல்கள்' என்று மட்டும் அடித்தேன்.